நடக்க நடக்க எடை ஏறினால்: முதல் ஒரு மாதத்துக்கான வழிகாட்டி

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நான் நடக்க ஆரம்பித்து அன்றோடு மூன்று வாரம். விடிகாலையில் மூன்று சுற்று. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். இரவில் சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தி. இனிப்பு, பஜ்ஜி எதையும் தொடுவதில்லை. இத்தனையும் செய்துவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றால், 78 கிலோ இருந்த இடத்தில் 79.8 காட்டுகிறது. இறங்கி, மெஷினை வேறு மூலைக்கு நகர்த்தி வைத்து மறுபடி ஏறினேன். 79.9. மறுநாள், கூட நடக்கும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "என்னண்ணே, நடக்க நடக்க ஏறுறீங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றும் சரியில்லை. மூன்று நாள் அரைப் பட்டினி கிடந்தேன். நான்காம் நாள் இரவு புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் தைராய்டு டெஸ்ட் எடுத்தேன், நார்மல். யாரோ சொன்னார்கள் என்று வெந்நீரில் தேன் கலந்து குடித்தேன். உண்மையான காரணங்களைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் போயிற்று. வரிசையாகப் பார்த்திருந்தால் நான்கு வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் பவுடர், கடைசியில்தான் அடுப்படியில் இருக்கும் எண்ணெய்த் தூக்கு.

தொடங்கும் முன்

நான் டாக்டர் இல்லை. கீழே உள்ள எதையும் செய்யாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டிய ஆட்கள் சிலர் உண்டு. இரண்டு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறி, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சிறுநீர் நுரைத்துப் போகிறது என்றால் அது டயட் சமாசாரமே இல்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் இவற்றில் எதுவோ நீரைத் தேக்கி வைக்கிறது. அன்றைக்கே போங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் நடைப்பயிற்சியின் நடுவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கட்டுரை இல்லை.

மற்றவர்கள் வாருங்கள்.

படி 1: எடை பார்க்கும் விதத்தை மாற்றுங்கள்

மெஷினைக் கெட்டியான தரையில் வையுங்கள். மிதியடி, கார்ப்பெட் மேல் வைத்தால் கணக்கு தப்பும். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, காபி குடிக்கும் முன், ஒரே மாதிரி லேசான உடையில் ஏறுங்கள். தினமும் ஏறி, காலண்டர் தாளிலோ போனிலோ குறித்து வையுங்கள். ஆனால் அன்றன்றைக்கு வரும் எண்ணை நம்பாதீர்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எடை. என் நோட்டில் ஒரு வாரம் இப்படி இருந்தது: 79.2, 78.6, 79.9, 79.0, 78.8, 78.4, 79.1. சராசரி சரியாக 79.0. புதன்கிழமை 79.9ஐப் பார்த்து அழுதிருப்பேன், சனிக்கிழமை 78.4ஐப் பார்த்து ஜிகர்தண்டா குடித்திருப்பேன். இரண்டுமே பொய்.

ஏன் பொய் என்கிறேன் என்றால், உடம்பிலிருந்து ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினமும் 300 கலோரி குறைத்தால் (அதுவே நல்ல சாதனை) மாதத்துக்கு ஒரு கிலோ சொச்சம் குறையும். நாளுக்குக் கணக்கிட்டால் 40 கிராம் கூட வராது. அதே உடம்பில் ஒரே நாளில் தண்ணீர், சாப்பாடு, மலம் என்று ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறிப் பாருங்கள், ஒரு கிலோ கூடியிருக்கும். இந்த இரைச்சலுக்கு நடுவே 40 கிராமை எப்படிக் கண்டுபிடிப்பது? வாரச் சராசரியை நான்கு வாரம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன் "டயட் வேலை செய்யவில்லை" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், உங்கள் மனதே சொன்னாலும்.

கூடவே ஒரு இஞ்ச் டேப். வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்த கையோடு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் தொப்புள் மட்டத்தில் சுற்றளவு எடுத்துக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எடுப்பதுதான் முக்கியம். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கவலைக்குரியது என்று மருத்துவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். நமக்கு இப்போது அந்தக் கோட்டைவிட, டேப் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் செய்தி. எடை கூடியும் இடுப்பு குறைந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

படி 2: ஏறியது கொழுப்பா, தண்ணீரா?

ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறிவிட்டது என்று வையுங்கள். அது முழுக்கக் கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால், உடம்பு செலவழிப்பதற்கு மேல் 15,400 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். தினமும் 2,200. நம்மூர்க் கணக்கில், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் எட்டுப் புரோட்டா. சாப்பிட்டீர்களா? இல்லையென்றால் ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்.

உடற்பயிற்சி தொடங்கிய புதிதில் தண்ணீர் ஏறுவதற்கு நேரான காரணங்கள் இருக்கின்றன. பழக்கமில்லாத தசை வேலை செய்ததும் அதில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய அங்கே நீர் சேர்கிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தொடை வலித்து இந்தியக் கழிவறையில் உட்கார முடியாமல் தவித்திருப்பீர்களே, அதே சமாசாரம்தான். இரண்டாவது, பயிற்சிக்குப் பழகும் தசை தனக்கென்று கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமித்துக்கொள்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். தசையும் கல்லீரலும் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன் வைத்திருக்க முடியும் என்பதால், இது நிரம்புவதும் காலியாவதும் மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோ வித்தியாசம் காட்டும். சோற்றை அடியோடு நிறுத்தியவர்களுக்கு முதல் வாரம் "மூன்று கிலோ குறைந்ததும்", ஒரே ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது திரும்பி வந்ததும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

அப்புறம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பைச் சொல்கிறது. இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்ட நான், அந்தக் கணக்கை ஊறுகாயிலேயே பாதி முடித்திருப்பேன். அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் இதே கட்சி. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பெண்களுக்கு அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நீர் ஏறுவது சகஜம். ஆகவே பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதம் அதே நாட்களோடு ஒப்பிட வேண்டும். ஜிம்மில் யாராவது கிரியேட்டின் என்ற தசைப் பவுடர் கொடுத்திருந்தால் அதுவும் ஒன்றிரண்டு கிலோ தண்ணீரைத் தசைக்குள் இழுக்கும். அதில் தப்பொன்றும் இல்லை.

ஜிம் என்றதும் ஞாபகம் வருகிறது. "எடை ஏறியது தசையப்பா, கவலைப்படாதே" என்று பயிற்சியாளர்கள் தேற்றுவார்கள். கனமான எடை தூக்கி, புரதமும் நன்றாகச் சாப்பிடும் புது ஆளுக்கே மாதத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ தசை ஏறும்; பெண்களுக்கு அதில் பாதி. தெப்பக்குளத்தைச் சுற்றியதில் எனக்கு மூன்று வாரத்தில் 1.8 கிலோ தசை ஏறியதென்று நம்ப நான் தயாராகத்தான் இருந்தேன். கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது மட்டுமே. ஊறுகாயைக் குறைத்து, மலச்சிக்கல் இருந்தால் காய், கீரை, தண்ணீரைக் கூட்டி, இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். தசையின் நீர் அதற்குள் வடிந்துவிடும்.

படி 3: அடுப்படிக் கணக்கு

எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான். மனஸ்தாபம் வரக்கூடிய வேலையும் இதுதான். சில நூறு ரூபாய்க்கு ஒரு கிச்சன் தராசு வாங்கி வந்து மேடைமேல் வைத்த அன்று அம்மா கேட்டது: "ஏன்டா, இது அடுப்படியா, நகைக்கடையா?" ஒரு வாரத்துக்கு மட்டும்தான் என்று சத்தியம் செய்தபின் அனுமதி கிடைத்தது.

ஏன் அளக்க வேண்டும்? 1992ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. "1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை குறையவில்லை" என்று பலமுறை முயன்று தோற்றவர்களை எடுத்து, அவர்கள் உண்மையில் செலவழிக்கும் ஆற்றலை அளந்தார்கள். உடம்பின் எரிப்பு வேகத்தில் குறை எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. தாங்கள் சொன்னதை உண்மையாகவே நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதலில் எண்ணெய். ஒவ்வொரு வேளையும் அளக்கத் தேவையில்லை, மளிகைச் சீட்டே போதும். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல் ஆகிறது. அதுவே 340 கலோரி. நெய், தேங்காய், வெளியே சாப்பிடுவது எல்லாம் இதில் சேராது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரித் தட்டுக்கு எண்ணெயும் கொழுப்புமாகச் சேர்த்து 27 கிராம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்து, மொத்த மில்லியை முப்பதாலும் ஆட்களின் எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வந்த எண்ணைப் பார்த்து அம்மாவே சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "வடகம் பொரிச்ச மாசம்ல" என்றார்.

குறைப்பதற்குச் சுலபமான வழி: மாதம் இவ்வளவுதான் என்று முடிவு செய்து, வாரத்துக்கான பங்கைத் தனித் தூக்கில் ஊற்றி வைப்பது. தூக்கு காலியானால் அந்த வாரம் தாளிப்புக்கு மட்டும் கடன் வாங்கலாம். பாக்கெட்டிலிருந்து நேரே சட்டியில் கவிழ்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். தோசைக்குக் கரண்டியால் சுற்றி ஊற்றுவதற்குப் பதில் சின்ன ஸ்பூனால் விட்டால், ஒரு ஸ்பூன் 40 கலோரி என்று எண்ணிக்கை தெரியும்.

அடுத்தது தேங்காய். அரை மூடியில் சாதாரணமாக 150 கிராம் பருப்பு இருக்கும், 500 கலோரிக்கு மேல். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 130. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள இது என்றால், நாலு இட்லியில் பாதிக்கும் மேல் இன்னொரு முறை சாப்பிட்ட கணக்கு. தேங்காய்ச் சட்னியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தக்காளி, புதினா, மல்லி என்று மாற்றிக்கொண்டோம்.

இப்போது பலருக்குக் கோபம் வரக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சிறுதானியம் சாப்பிட்டால் எடை குறையும் என்பது அப்படியே உண்மையில்லை. 100 கிராம் அரிசி, ராகி, கம்பு, சாமை, வரகு, கோதுமை, ஓட்ஸ் என்று எதை எடுத்தாலும், வேகவைக்காத நிலையில் 320இலிருந்து 390 கலோரிக்குள்தான் வரும். ஓட்ஸ் அரிசியைவிடக் கூடுதலே. நார்ச்சத்து அதிகம் என்பதால் சிலவற்றில் வயிறு சீக்கிரம் நிறையும். அதனால் குறைவாகச் சாப்பிட்டால் லாபம். "கம்புதானே" என்று ஒரு கிண்ணம் கூடச் சாப்பிட்டால் நஷ்டம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமும் இதே கதைதான். உடம்பு வெள்ளைச் சர்க்கரைக்குப் போடும் கணக்கை இவற்றுக்கும் ஏறத்தாழ அப்படியே போடும்.

இங்கேதான் நான் பிடிபட்டேன். நடை முடிந்ததும் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிப்பேன். சத்தானது, சளிக்கு நல்லது, காபியைவிட மேல் என்ற நினைப்பு. பருத்திக்கொட்டைப் பாலில் அரிசி மாவு, கருப்பட்டி, மேலே தேங்காய்த் துருவல். வீட்டில் ஒருநாள் செய்து அளந்து பார்த்ததில் ஒரு டம்ளர் சுமார் 200 கலோரி வந்தது. மூன்று சுற்று நடந்ததில் நான் செலவழித்ததும் ஏறக்குறைய அதேதான். நடையை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குடிப்பது எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் நம் நினைவுக்கு வருவதில்லை. நூறு மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த காபி 100 கலோரி. ஆபீசில் நாலு முறை வந்தால் 400. சமைப்பவர்களுக்கு வேறு கணக்கு உண்டு: உப்புப் பார்க்க ஒரு வாய், குழந்தை மிச்சம் வைத்த தோசை, வீணாகக் கூடாதென்று வழித்த பாத்திரம். டயட்டில் இருப்பதாகச் சொல்லும் பெண்களைக் குறை சொல்வோர், அவர்கள் தட்டில் விழாத இந்தச் சாப்பாட்டை யார் அவர்கள் தலையில் கட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க ஒரு டப்பாவும், அதை மறுவேளை சாப்பிட வீட்டில் வேறொரு ஆளும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆக, இந்தப் படியில் வேலை இதுதான்: ஏழு நாள், வாயில் போகும் எல்லாவற்றையும் போன அந்த நிமிடமே எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் கால்வாசி விட்டுப்போகும். அரிசியையும் பருப்பையும் வேகும் முன் அளங்கள், ஏனென்றால் வெந்தபின் தண்ணீர் ஏறிக் கணக்கு குழம்பும். ஏழாம் நாள் தராசைப் பரணில் போட்டுவிடலாம். கண் பழகிவிட்டிருக்கும்.

எழுதியதைப் படித்தபின் குறைக்க ஒன்றோ இரண்டோ மட்டும் தேர்ந்தெடுங்கள், 300 கலோரி வரும்படி. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் புரோட்டாக் கடையில் நான் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டேன். குறைத்த இடத்தில் புரதத்தைச் சேர்த்தால் பசி அடங்கும். கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டின் பரிந்துரை. 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். இட்லியும் ரசமும் சாப்பிட்டு அங்கே போய்ச் சேர முடியாது. இரண்டு முட்டை 12 கிராம் தரும். ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

படி 4: நடை எவ்வளவு எரிக்கிறது?

குறைவாகத்தான். 78 கிலோ ஆள் மூன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் சுமார் 200 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால் 140 தேறும். ட்ரெட்மில் திரையும் கைக்கடிகாரமும் காட்டும் எண்ணை நம்பிச் சாப்பிடாதீர்கள்.

இதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. காலையில் நடந்துவிட்டோம் என்று நாள் முழுக்க உட்கார்ந்துவிடுகிறோம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று: முன்பு கடைக்கு நடந்து போனவன், "காலையிலேயே நடந்தாச்சே" என்று வண்டியை எடுக்க ஆரம்பித்தேன். 1999ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் குழுவினர், 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு அரைக் கிலோ கூடக் கொழுப்பு ஏறவில்லை, சிலருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறிற்று. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் உடற்பயிற்சி இல்லை. எழுவது, நிற்பது, அங்கே இங்கே நடப்பது, துறுதுறுவென்று இருப்பது. ஆகவே போனில் காலடி எண்ணிக்கையைப் பாருங்கள், நடைப்பயிற்சி நேரத்தைக் கழித்துவிட்டு. நடக்கத் தொடங்கும் முன் இருந்ததைவிட மிச்ச நாளின் காலடி குறைந்திருந்தால் ஓட்டை அங்கேதான்.

நடையை விட்டுவிடலாமா என்றால், கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் எல்லாவற்றுக்கும் அது வேலை செய்கிறது, எடை நகராவிட்டாலும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர்க் குடம் தூக்குவது. எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்க இது வேண்டும்.

படி 5: சனி, ஞாயிறு, தூக்கம்

ஐந்து நாள் தினமும் 400 குறைத்தால் 2,000. சனிக்கிழமை பிரியாணி, மாலையில் ஜிகர்தண்டா. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு விருந்து. ஒவ்வொரு நாளும் 1,000 கூடினால் கணக்கு பூஜ்யம். எழுதும் ஏழு நாளில் சனி, ஞாயிறு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெயுமாகக் கேட்கும். ஐந்து மணிக்கு நடக்க எழுபவர் பதினொன்றரைக்குப் படுத்தால் சரிவராது.

படி 6: நான்கு வாரம் முடிந்தபின்

நான்கு வாரச் சராசரிகளையும் நான்கு இடுப்பளவுகளையும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி மெல்ல இறங்குகிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள். எடை அப்படியே நின்று இடுப்பு குறைந்தாலும் அதேதான். இரண்டும் நின்றுவிட்டால், இன்னும் ஒரு பொருளைக் குறைத்து அடுத்த நான்கு வாரம் பாருங்கள்.

"குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு சேமிக்க ஆரம்பித்துவிடும், அதனால்தான் ஏறுகிறது" என்று இந்தக் கட்டத்தில் யாராவது சொல்வார்கள். 1944, 45ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்து, நன்றாக நடக்கவும் வைத்தார். அவர்களுடைய உடம்பின் எரிப்பு வேகம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் சுமார் கால்பங்கு எடையை இழந்தார்கள், யாருக்கும் ஏறவில்லை. கால்களில் நீர் கோத்ததால் இழந்ததில் ஒரு பகுதி தராசில் தெரியாமல் மறைந்தது. பட்டினியால் கொழுப்பு ஏறாது. தண்ணீர் ஏறும், அப்புறம் பட்டினி உடையும்போது சாப்பாடும் ஏறும்.

அடுப்படிக் கணக்கு நேர்மையாக முடிந்து, 300 கலோரி குறைந்து, வாரச் சராசரியும் இடுப்பும் நான்கு வாரமும் ஏறிக்கொண்டே இருந்தால் இப்போது டாக்டர். அவர் பார்க்கக்கூடியவை சில.

தைராய்டு குறைவு: எடையோடு சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிடாய் மாற்றம் இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை செய்வார். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ, அதிலும் உப்பும் நீருமே அதிகம். 20 கிலோவையும் தைராய்டு தலையில் கட்ட முடியாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. மாத்திரையையும் காபியையும் சேர்த்து விழுங்கிவிட்டு அளவு போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெண்களுக்குப் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி என்பார்கள்): மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் ரோமம், பருக்கள், கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்த தோல். எடை குறைவது கொஞ்சம் கடினம், முடியாததில்லை.

மருந்துகள் அதிகம் கவனிக்கப்படாத காரணம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, சர்க்கரைக்கான இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்துகளில் ஓலன்சபின், மிர்ட்டசபின், நரம்பு வலிக்கும் தலைவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சில பிரஷர் மாத்திரைகள். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம், பல நேரம் இருக்கும். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ லேபிள் இல்லாத பொடி, உருண்டை எதுவும் சாப்பிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் உருண்டு, வயிற்றில் அகலமான ஊதா வரிகள் விழுந்து, கை கால் மட்டும் மெலிந்தால் ஸ்டீராய்டு அதிகமாகிவிட்டதற்கான அடையாளம். அபூர்வமாக உடம்பே அதை அதிகமாகச் சுரப்பதும் உண்டு.

போகும்போது வாரச் சராசரி, இடுப்பளவு, ஏழு நாள் சாப்பாட்டுச் சீட்டு, மாதவிடாய்த் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப்போங்கள். மாத்திரைகளின் பெயரை எழுத வேண்டாம், அட்டைகளையே ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எந்த மாதம் தொடங்கியது என்று மட்டும் மேலே குறித்தால் போதும். எடை ஏறத் தொடங்கிய மாதமும் ஒரு மாத்திரை தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

தைராய்டு பரிசோதனைக்கு வெறும் வயிறு அவசியமில்லை. ஆனால் கூடவே சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் எழுதித் தருவார்கள், அதற்குப் பட்டினியாகப் போகும்படி இருக்கும். அன்று காலை நடைக்கு லீவு விட்டுவிட்டு நேரே லேபுக்குப் போங்கள். நடந்தால் கால் தானாகப் பருத்திப்பால் வண்டிப் பக்கம் திரும்பும்.